பிணத்திற்குத் தண்டனை: தாந்தே கவி கூறும் தீர்ப்பு

மனிதனுக்கு மனிதன் விதிக்கும் தண்டனை எத்துணைக் கொடியதாயினும் சாவோடு முடிந்துவிடும் என்பது பொதுவறிவு. உயிர் போன பின் குற்றவாளிக்குச் சாட்டையும் இல்லை, சங்கிலியும் இல்லை. செத்த பாம்பை அடிக்கிறவனைக் கண்டால் சிறு பிள்ளையும் சிரிக்கும். ஆனால் ஐரோப்பாவின் இடைக்காலம் எனப்படும் நூற்றாண்டுகளில், கற்றறிந்த குருமாரும் நீதிபதிகளும் கூடியிருந்து, பல்லாண்டுகட்கு முன் புதைத்த பிணங்களின்மேல் குற்றஞ்சாட்டி, சாட்சி விசாரித்து, தீர்ப்புச் சொல்லி, அவற்றைத் தோண்டியெடுத்துத் தீயிலிட்டனர், ஆற்றில் எறிந்தனர், மந்திரித்த பூமிக்கு வெளியே வீசினர். இதனை வெறிகொண்ட கும்பலின் செயலென்று தள்ளிவிடுதல் இயலாது. இதற்குச் சட்டம் இருந்தது, மன்றம் இருந்தது, எழுத்தர் எழுதிவைத்த பதிவேடும் இருந்தது.

இவ்வழக்கத்தைக் குறித்துச் சரித்திர நூல்கள் பல உள. நாம் ஈண்டு ஆராயப் புகுவது ஒரு காவியத்தை. இத்தாலி தேசத்துப் பிளாரென்ஸ் நகரில் 1265-ல் பிறந்து, நாடுகடத்தப்பட்டு, 1321-ல் ராவென்னா நகரில் மாண்ட தாந்தே அலிகியெரி என்பார் இயற்றிய ‘தெய்வீக நாடகம்’ நூறு படலங்கள் கொண்டது. நரகம், உத்தரிக்கிற ஸ்தலம், மோட்சம் என மூன்று பாகங்களாக அமைந்தது. கவி தாமே உயிரோடு அம்மூன்று உலகங்களிலும் நடந்து சென்று, இறந்தோரைக் கண்டு உரையாடுவதாகப் பாடியிருக்கிறார். கதை நிகழ்வதாகக் கொண்ட ஆண்டு 1300.

இந்நூலைப் பலர் நரக வேதனைகளின் பட்டியலாகவே படிக்கின்றனர். அங்ஙனம் படிப்போர் அதன் சிறந்த பகுதியை இழந்துவிடுகின்றனர். இறந்தவர் சரீரத்தைத் தண்டிக்கும் வழக்கத்தின்மேல், அவ்வழக்கம் முழு வலிமையோடிருந்த நாளில், அம்மதத்தில் ஆழ்ந்த நம்பிக்கையுள்ள ஒருவரே எழுதிய கடுந்தீர்ப்பு இந்நூலில் அடங்கியிருக்கிறது என்பது நமது துணிபு. அத்தீர்ப்பு யாது, கவி தாமே அதன்வழி நின்றாரா என்பவற்றை ஆராய்வோம்.

கொள்கை ஒன்று, செய்கை ஒன்று

முதற்கண் ஒன்றை நேர்மையோடு ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். பிணத்தை வதைத்தல் கிறிஸ்து மதத்தின் மூலக்கொள்கையன்று. ஆதிக் கிறிஸ்தவர்களே அக்கொடுமைக்கு இலக்கானவர்கள். கி.பி. 177-ல், இன்று பிரான்சு தேசத்திலுள்ள லியோன் நகரில், ரோமாபுரி அதிகாரிகள் கிறிஸ்தவர் பலரைக் கொன்றதோடு அமையாது, பிணங்களை எரித்துச் சாம்பலை ரோன் நதியில் வாரியெறிந்தனர் என்று யூசேபியுஸ் என்னும் சபைச் சரித்திராசிரியர் எழுதியிருக்கிறார். உடம்பு அழிந்தால் உயிர்த்தெழும் நம்பிக்கையும் அழியும் என்பது அவ்வதிகாரிகளின் எண்ணம். ஒன்றுமில்லாமையிலிருந்து உடம்பைப் படைத்தவனுக்குச் சாம்பலிலிருந்து எழுப்புவது அரிதோ என்பது கிறிஸ்தவ ஆசிரியர்களின் மறுமொழி.

410-ல் கோத்தியர் ரோமாபுரியைச் சூறையாடியபோது, அடக்கமின்றிக் கிடந்த பிணங்களை எண்ணிப் பலர் கலங்கினர். அகஸ்தீன் என்னும் பேராசிரியர் ‘கடவுளின் நகரம்’ என்ற தம் நூலின் முதற்பாகத்தில் அவர்களைத் தேற்றினார். பின்னர் 421-ஆம் ஆண்டளவில், நோலா நகர மேற்றிராணியாராகிய பவுலினுஸ் கேட்ட கேள்விக்கு விடையாக, இறந்தோரை அடக்கஞ் செய்வது பற்றித் தனிநூல் ஒன்றும் எழுதினார். அவர் கருத்தின் சுருக்கம் இது: அடக்கச் சடங்கு இருப்போர்க்கு ஆறுதல், அது கிடையாமற் போனதால் நல்லவன் ஆத்துமாவுக்கு ஒரு குறையும் இல்லை, ஆடம்பரமாய்க் கிடைத்ததால் தீயவனுக்கு ஒரு பயனும் இல்லை.

இக்கொள்கையை ஏற்றுக்கொண்டால் ஒரு கேள்வி தானே எழுகின்றது. பிணத்துக்கு என்ன நேர்ந்தாலும் ஆத்துமாவுக்கு ஒன்றுமில்லையெனில், பிணத்தைத் தோண்டி எரிப்பதால் தண்டிக்கப்படுகிறவன் யார்? இக்கேள்வியைக் கையில் விளக்காகப் பிடித்துக்கொண்டு சரித்திரத்துக்குள் நுழைவோம்.

நாற்காலியில் இருத்திய பிணம்

இறந்தவர்மேல் தீர்ப்புக் கூறலாமா என்ற வாதம் பழமையானது. 553-ல் கான்ஸ்டாண்டிநோப்பிள் நகரிற் கூடிய பொதுச் சங்கம், நூறாண்டுக்கு முன்னரே இறந்துபோன தியோடோர் என்னும் மேற்றிராணியாரைச் சபித்தது. இறந்தவரைத் தீர்ப்பிடுதல் தகாது என்று விஜிலியுஸ் போப்பாண்டவர் முதலில் மறுத்தார். பின்னர் நெருக்குதலுக்கு இணங்கினார். அங்கே சபிக்கப்பட்டது பெயர் மாத்திரம். பிணமே மன்றமேறிய நிகழ்ச்சி 897-ல் ரோமாபுரியில் நடந்தது.

போர்மோசுஸ் என்பவர் 891 முதல் 896 வரை போப்பாண்டவராக இருந்து இறந்தவர். அவருக்குப் பின் பதினைந்து நாள் ஆண்ட ஒருவரை அடுத்துப் பட்டத்துக்கு வந்தவர் ஸ்டீபன். இவர் 897 ஜனவரியில், ஒன்பது மாதம் மண்ணிற் கிடந்த போர்மோசுஸின் பிணத்தை எடுப்பித்து, போப்பாண்டவர்க்குரிய உடைகளை உடுத்தி, சிங்காசனத்தில் இருத்தி, விசாரணை நடத்தினார். பிணத்துக்காக மறுமொழி சொல்ல ஒரு தியாக்கோன் பக்கத்தில் நிறுத்தப்பட்டார். சத்தியத்தை மீறினார் என்பதும், ஒரு நகரத்து மேற்றிராணியாராயிருந்தவர் சட்டவிரோதமாக ரோமாபுரிப் பீடத்துக்கு மாறினார் என்பதும் குற்றங்கள். தீர்ப்பு எதுவாயிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆசீர்வதிக்கப் பயன்பட்ட வலக்கை விரல்கள் மூன்றும் வெட்டப்பட்டன. பிணம் தைபர் நதியில் எறியப்பட்டது. அவர் செய்த குருப்பட்டங்கள் செல்லாவென்று அறிவிக்கப்பட்டன.

இந்தக் கடைசி வரியில்தான் இரகசியம் இருக்கிறது. ஸ்டீபன் தாமே முன்னர் போர்மோசுஸின் கையால் அனாக்னி நகர மேற்றிராணியாராக அபிஷேகம் பெற்றவர். ஒரு நகரத்தை விட்டு மற்றொரு பீடத்துக்கு மாறுதல் குற்றமென்றால் அவரும் குற்றவாளியே. போர்மோசுஸ் செய்தவை யாவும் செல்லாவெனில், ஸ்டீபன் முன்பு மேற்றிராணியாராய் இருந்ததே இல்லை. ஆகவே குற்றமும் இல்லை! பிணத்தின் விரலை வெட்டியதில் உயிரோடிருந்தவரின் பட்டம் காப்பாற்றப்பட்டது. அது நெடுநாள் நிலைக்கவில்லை. அதே ஆண்டில் மக்கள் கொதித்தெழ, ஸ்டீபன் சிறையிலடைக்கப்பட்டுக் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். பின்வந்த இரண்டாம் தியோடோர் தீர்ப்பைத் தள்ளி, பிணத்தை மரியாதையோடு அடக்கஞ் செய்வித்தார். அடுத்து வந்த ஒன்பதாம் ஜான் 898-ல் அதனை உறுதிப்படுத்தி, இனிமேல் இறந்தவரை மன்றத்துக்கு இழுக்கலாகாது என்றும் விதித்தார்.

எலும்பும் சொத்தும்

அவ்விதி என்னவாயிற்று? முந்நூறு ஆண்டுகளில் காற்றிற் பறந்தது. 1206-ஆம் ஆண்டளவில் இறந்த அமல்ரிக் என்னும் பாரிஸ் நகரத்து ஆசிரியரின் எலும்புகள், அவர் போதனை தவறென்று 1210-ல் கூடிய சங்கத்தின் ஆணைப்படி தோண்டப்பட்டு, மந்திரியாத நிலத்தில் எறியப்பட்டன. பின்னர்ப் பதிதரை, அதாவது சபையின் கொள்கைக்கு மாறான கொள்கையுடையோரை, விசாரிக்கும் மன்றங்கள் ஏற்பட்டபோது இது அன்றாடத் தொழிலாகிவிட்டது. தென் பிரான்சிலுள்ள துலூஸ் நகரத்தில் 1230-ஆம் ஆண்டுகளில் நடந்தவற்றை, அம்மன்றத்தைச் சேர்ந்த வில்லியம் பெலிசோன் என்னும் சந்நியாசியே பெருமையோடு எழுதிவைத்திருக்கிறார். தோண்டிய எலும்புகளையும் நாற்றம் வீசும் உடல்களையும் தெருத்தெருவாய் இழுத்துச் சென்றனர். முன்னே ஒருவன் இறந்தவர் பெயரைக் கூவி, இப்படிச் செய்கிறவனுக்கு இதுவே முடிவு என்று முழங்கினான். பின்னர் நகருக்கு வெளியே எரித்தனர். 1307 முதல் 1323 வரை அந்நகர விசாரணைத் தலைவராயிருந்த பெர்னார்டு கீ என்பவரின் தீர்ப்புப் புத்தகத்தில், உயிருள்ளோர் பெயர்களுக்கிடையே இறந்தோர் பெயர்களும் வரிசையாய்க் காணப்படுகின்றன.

பிணம் சாட்சி சொல்லாது, மனம் மாறாது, தப்பியோடவும் மாட்டாது. பின் ஏன் இத்துணை உழைப்பு? சட்டத்தைப் பார்த்தால் விளங்கும். பதிதன் என்று தீர்க்கப்பட்டவனின் சொத்து பறிமுதலாகும். இறந்த தந்தை பதிதரென்று தீர்ப்பாகிவிட்டால், பிள்ளைகளும் பேரர்களும் அனுபவித்துவந்த வீடும் நிலமும் அவர்களுக்கு உரியவையல்ல. எலும்பை எரித்த தீயில் வெந்தது அவர்களுடைய வாழ்வு. எலும்பு ஊர்வலத்தைப் பார்த்து நடுங்கியவர்களும் உயிருள்ள அண்டை வீட்டாரே. தண்டிக்கப்படுகிறவன் யார் என்ற நமது கேள்விக்கு விடை இங்கேயே பாதி கிடைத்துவிடுகிறது.

இதே காலத்தில் எட்டாம் போனிபாஸ் போப்பாண்டவர் 1299-ல் ஓர் ஆணை பிறப்பித்தார். தூரதேசத்தில் இறந்த பிரபுக்களின் உடலைத் துண்டித்துக் கொதிக்கவைத்து, எலும்பை மாத்திரம் சொந்த ஊருக்குக் கொண்டுசெல்லும் வழக்கம் அன்று இருந்தது. 1270-ல் தூனிஸ் நகரருகே இறந்த பிரான்சு தேசத்து அரசர் ஒன்பதாம் லூயியின் உடலும் அவ்வாறே செய்யப்பட்டது. இது அருவருக்கத்தக்க கொடுமை என்று போனிபாஸ் கண்டித்தார். நல்ல கண்டனந்தான். ஆனால் அங்ஙனம் கொதிக்கவைத்த உடலுக்குச் சபையின் அடக்கம் கிடையாது என்றும் அதே ஆணை கூறியது. பிணத்துக்குச் செய்த கொடுமைக்காகப் பிணத்தையே தண்டிக்கும் இந்த நியாயத்தை என்னென்பது!

எரியும் கல்லறையில் நிமிர்ந்த மனிதர்

இத்தகைய உலகில் வளர்ந்தவர் தாந்தே. அவருக்குப் பதினெட்டு வயது நடக்கையில், 1283-ல், அவர் பிறந்த பிளாரென்ஸ் நகரத்திலேயே ஒரு பெரிய வழக்கு நடந்தது. பரினாத்தா என்பவர் சக்கரவர்த்தி கட்சியின் தலைவர், 1264-ல் இறந்தவர். இறந்து பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் அவரும் அவர் மனைவியும் பதிதரென்று விசாரணைத் தலைவர் தீர்ப்புச் சொன்னார். எலும்புகள் தோண்டப்பட்டன, வாரிசுகள் கையிலிருந்த சொத்து பறிமுதலாயிற்று. அப்பரினாத்தாவின் மகளை மணந்தவர் தாந்தேயின் உயிர்த்தோழராகிய குயிதோ கவல்காந்தி என்னும் கவி. ஆகவே இது தாந்தேக்கு ஊர்ச்செய்தி மாத்திரமன்று. நண்பர் வீட்டுச் செய்தி.

நரகத்தின் பத்தாம் படலத்தில் தாந்தே பரினாத்தாவைச் சந்திக்கிறார். உடலோடு ஆத்துமாவும் சாகுமென்று சொன்னவர்கள் அங்கே திறந்த கல்லறைகளில் எரிகின்றனர். நியாயத்தீர்ப்பு நாளில் அவர்கள் தங்கள் உடல்களோடு திரும்பி வந்தபின் மூடிகள் என்றென்றைக்கும் மூடப்படும். விசாரணை மன்றம் பரினாத்தாவின் எலும்புக்கு என்ன செய்ததோ அதனையே கவி அவர் ஆத்துமாவுக்குச் செய்துவிட்டார் என்று மேலெழுந்தவாரியாகப் பார்ப்போர்க்குத் தோன்றும்.

படலத்தை ஊன்றிப் படிக்க. பரினாத்தா இடுப்புக்குமேல் நிமிர்ந்து நிற்கிறார்; நரகத்தையே இழிவாக நோக்குபவர்போல நிற்கிறார். தாந்தேயின் முன்னோர் அவருக்குப் பகைவர். அப்படியிருந்தும் கவி அவரோடு மரியாதையாகப் பேசுகிறார். 1260-ல் மோந்தபெர்த்தி யுத்தத்தில் வென்றபின், பிளாரென்ஸ் நகரத்தையே தரைமட்டமாக்கிவிடவேண்டுமென்று அவருடைய கட்சியார் எல்லோரும் சொல்ல, தாம் ஒருவர் மாத்திரமே எழுந்து தடுத்ததைப் பரினாத்தா நினைவூட்டுகிறார். மன்றம் அழிக்க முயன்றது அம்மனிதரின் நற்பெயரை. கவி அவர் கொள்கையைக் கண்டிக்கிறார், பெயரை நிலைநாட்டிவிடுகிறார். ஒருவனுடைய கருத்தைத் தவறென்பது வேறு, அவன் செய்த நன்மையை மண்ணோடு மண்ணாக்குவது வேறு என்ற பேதத்தை விசாரணை மன்றம் அறியவில்லை. கவி அறிந்திருந்தார். எனினும் இங்கே அவர் தீர்ப்பு பாதியளவே. தோண்டியவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மழையில் நனையும் எலும்பு

மறுபாதி இரண்டாம் பாகத்தில், உத்தரிக்கிற ஸ்தலத்தில் வருகிறது. மூன்றாம் படலத்தில், மலையடிவாரத்தில், சபையினின்று விலக்கப்பட்டு இறந்தோர் கூட்டமாக நிற்கின்றனர். அவர்களுள் அழகிய தோற்றமுடைய ஒருவர் முன்வந்து, புருவத்தையும் மார்பையும் பிளந்த இரண்டு புண்களைக் காட்டித் தம்மை அறிவிக்கிறார். அவர் மான்பிரேட் அரசர். இரண்டாம் பிரெடரிக் சக்கரவர்த்தியின் குமாரர். போப்பாண்டவரின் சாபத்துக்குள்ளாகி, 1266 பிப்ரவரி 26-ல் பெனவெந்தோ யுத்தகளத்தில் மடிந்தவர். சபிக்கப்பட்டவராதலால் மந்திரித்த பூமியில் இடமில்லை. பாலத்தருகே புதைத்து, பகைவர் சேனைவீரரே ஒவ்வொரு கல்லாக வைத்துக் குவியல் எழுப்பினர். வீரனுக்கு வீரர் செய்த மரியாதை அது.

அதுவும் பொறுக்கவில்லை. நாலாம் கிளெமெண்டு போப்பாண்டவரின் ஏவலால் கொசென்சா நகர மேற்றிராணியார் அவ்வெலும்புகளை எடுத்து, விளக்குகளை அணைத்துக்கொண்டு, இராச்சியத்துக்கு வெளியே வெர்தே ஆற்றோரத்தில் எறிந்துவிட்டார் என்று மான்பிரேட் கூறுகிறார். சரித்திராசிரியராகிய வில்லானியும் இதனைச் சிலர் சொல்லக்கேட்டதாக எழுதியிருக்கிறார். இப்போது அவை மழையில் நனைகின்றன. காற்று அவற்றை அசைக்கிறது.

ஆனால் மான்பிரேட் நரகத்தில் இல்லை! அவர் நிற்குமிடம் மோட்சத்துக்குப் போகும் வழி. சாகுந் தறுவாயில் அழுது மன்னிப்பை வேண்டினார், கிடைத்தது. தம் பாவங்கள் பயங்கரமானவை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். தெய்வ இரக்கமோ தன்னை நாடி வருவோரையெல்லாம் அணைக்கத்தக்க நீண்ட கைகளுடையது என்கிறார். அம்மேற்றிராணியார் தெய்வத்தின் இந்த முகத்தை வாசித்தறிந்திருந்தால் தம் எலும்புகள் பாலத்தருகே கற்குவியலின்கீழ் இன்னும் கிடக்கும் என்பது அவர் கூற்றின் கருத்து. போப்பாண்டவரும் மேற்றிராணியாரும் வேதத்தின் ஒரு பக்கத்தைப் படிக்கத் தெரியாதவர்கள் என்று, பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பிறந்த ஒரு கத்தோலிக்கர், இறந்த ஓர் அரசன் வாயில் வைத்துச் சொல்கிறார். இதைவிடக் கடுமையான கண்டனத்தை அந்நாளில் எவர் எழுதத் துணிந்தார்?

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். சபைவிலக்கில் இருந்த காலத்தைப்போல் முப்பது மடங்கு காலம் மான்பிரேட் வெளியே காத்திருக்கவேண்டும் என்று அதே படலம் கூறுகிறதே. ஆகையால் கவி சாபத்தின் அதிகாரத்தை ஒப்புக்கொள்கிறார் அல்லவா என்பர். உண்மைதான். தாந்தே சபையை மறுத்தவர் அல்லர். அவர் மறுத்தது, மனிதர் சொல்லும் தீர்ப்பே கடைசித் தீர்ப்பு என்னும் அகந்தையை. மேலும், காத்திருக்கும் காலத்தைக் குறைக்க வல்லது உயிரோடிருப்போரின் வேண்டுதல் என்றும் அங்கேயே சொல்லியிருக்கிறார். மான்பிரேட் கடைசியாகக் கேட்பது இதனையே: தம் மகள் கான்ஸ்தான்சாவிடம் போய்த் தாம் இருக்குமிடத்தைச் சொல்ல வேண்டும். இறந்தவருக்காக இருப்போர் செய்யத்தக்கது இரண்டு: ஒன்று எலும்பை வீசுவது, மற்றொன்று அன்போடு நினைப்பது. எது பயனுடையது என்பதை வாசகரே தீர்மானிக்கும்படி கவி விட்டுவிடுகிறார்.

மேற்றிராணியாரும் பேயும்

இனி, பலர் கவனியாது கடந்துசெல்லும் ஓர் ஒற்றுமையைச் சொல்வோம். மான்பிரேட்டைக் கண்ட இரண்டு படலங்களுக்குப் பின், ஐந்தாம் படலத்தில் புவோன்கோந்தே என்னும் சேனைத்தலைவர் வருகிறார். 1289-ல் கம்பால்தினோ யுத்தத்தில் மடிந்தவர். அவர் உடல் அகப்படவே இல்லை. அதே யுத்தத்தில் எதிர்ப்பக்கத்தில் நின்று போர் செய்தவர் தாந்தே. அவ்வுடல் என்னவாயிற்று என்று கேட்கிறார். புவோன்கோந்தே சொல்கிறார்: தொண்டையில் புண்பட்டு, கால்நடையாய் ஓடி, ஆர்க்கியானோ ஆற்றங்கரையில் மரியம்மாளின் பெயரைச் சொல்லி வீழ்ந்தாராம். தேவதூதன் வந்து ஆத்துமாவைக் கொண்டுபோனான். நரகத்துப் பேய் ஏமாந்து கூவியது: ஒரு துளிக் கண்ணீருக்காக இவனுடைய அழியாத பங்கை நீ கொண்டுபோகிறாய், மற்றப் பங்கை நான் செய்கிறபடி செய்வேன் என்றதாம். உடனே அது மழையையும் வெள்ளத்தையும் எழுப்பி, பிணத்தை ஆற்றில் உருட்டி, மார்பின்மேல் சிலுவையாய் மடித்திருந்த கைகளைப் பிரித்து, சேற்றில் புதைத்துவிட்டது.

இவ்விரண்டு படலங்களையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்க. இரண்டிலும் கடைசி நொடியில் மனந்திரும்பிய போர்வீரன், இரண்டிலும் ஆறு, இரண்டிலும் மழை, இரண்டிலும் ஆத்துமா கைதப்பிப் போய்விட்டபின் பிணத்தின்மேல் பழிதீர்த்தல். ஒன்றில் அதைச் செய்கிறவர் மேற்றிராணியார். மற்றொன்றில் அதைச் செய்வது பேய். கவி இவ்விரண்டையும் ஒப்பிட்டு ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசவேண்டிய தேவையும் இல்லை. ஆத்துமாவைத் தொட இயலாதவன் செய்யும் வேலை பிணத்தை வதைப்பது என்ற உண்மை, படிப்பவன் நெஞ்சில் தானே தைக்கின்றது. நாம் மேலே சொன்ன கடுந்தீர்ப்பு இதுவே.

முள்மரத்தில் தொங்கும் உடல்

கவியின் புகழை மாத்திரம் பாடி முடித்தல் விமர்சனமாகாது. தற்கொலை செய்துகொண்டவர் விஷயத்தில் தாந்தே தம் காலத்துக் கொடுமையினின்று விடுபடவில்லை. அத்தகையோர்க்குச் சங்கீதமும் அடக்க மரியாதையும் கூடா என்று 561-லேயே பிராகா நகரச் சங்கம் விதித்தது. பிற்காலத்தில் ஐரோப்பாவின் பல பாகங்களில் அவர்கள் பிணத்தை இழுத்துச்சென்று தூக்கில் தொங்கவிட்டனர். இங்கிலாந்தில் நாற்சந்தியிற் புதைக்கும் வழக்கத்தை 1823-ஆம் ஆண்டுச் சட்டமே நிறுத்தியது. அங்கும் சொத்துப் பறிமுதல் உண்டு. அது 1870 வரை நீடித்தது.

நரகத்தின் பதின்மூன்றாம் படலத்தில் தற்கொலை செய்தோர் முள்மரங்களாய் முளைத்து நிற்கின்றனர். நியாயத்தீர்ப்பு நாளில் எல்லோரும் உடலை மீண்டும் அணிவர். இவர்களோ தாங்கள் எறிந்த உடலை இழுத்துவந்து, ஒவ்வொருவரும் தம் மரத்தில் தொங்கவிடவேண்டுமாம். ஊரார் கயிறுகொண்டு செய்ததைக் கவி நித்தியத்துக்கும் நீட்டிவிட்டார். அங்கே பேசும் மரம் பியேர் தெல்லா வீஞ்ஞா. பிரெடரிக் சக்கரவர்த்தியின் மந்திரி. பொறாமைக்காரர் பழிசுமத்த, குருடாக்கப்பட்டு, 1249-ல் உயிரை மாய்த்துக்கொண்டவர். அவர் அரசத் துரோகி அல்லர் என்று கவி சான்று கூறுகிறார். அவருக்காக இரங்கிப் பேச்சற்று நிற்கிறார். ஆயினும் உடலை மரத்திலிருந்து இறக்கவில்லை. போரில் இரத்தம் சிந்திய மான்பிரேட்டுக்கு நீண்ட கைகள் கிடைத்தன. துயரம் தாங்காமல் தன்னையே மாய்த்துக்கொண்டவனுக்குக் கிடைக்கவில்லை. ஒரு துளிக் கண்ணீர் போதுமென்று அறிந்த கவி, இவனும் கடைசி நொடியில் அழுதிருக்கலாம் என்று எண்ணிப் பார்க்கவில்லை. இது காவியத்தின் குறை. காலத்தின் குறையென்று சொல்லி மூடுவது கவிக்கும் மரியாதையன்று.

கவியின் எலும்பு

யாருடைய எலும்புகளுக்காக வாதாடினாரோ அவர்களுடைய கதி தாந்தேக்கும் நேரவிருந்தது. உலக ஆட்சி சக்கரவர்த்திக்கு நேரே கடவுளிடமிருந்து வருவது, போப்பாண்டவர் மூலமாக அன்று, என்று அவர் ‘முடியாட்சி’ என்னும் நூலில் வாதித்திருந்தார். அவர் இறந்து ஏறக்குறைய எட்டாண்டுகட்குப் பின், போப்பாண்டவரின் பிரதிநிதியாகிய கர்தினால் பெர்த்திரான் அந்நூலை எரிப்பித்தார் என்றும், எலும்புகளையும் தோண்டி எரிக்க முயன்றார் என்றும், செல்வாக்குள்ள பிரபுக்கள் இருவர் தடுத்தமையால் அது நிகழவில்லை என்றும் பொக்காச்சியோ எழுதியிருக்கிறார். பின்னர் அந்நூல் தடைநூற் பட்டியலிற் சேர்ந்தது, 1881-ல்தான் நீக்கப்பட்டது. 1921-ல் பதினைந்தாம் பெனடிக்ட் போப்பாண்டவர் தாந்தேயைப் பாராட்டித் திருமுகம் எழுதினார். 1302-ல் அவரை உயிரோடு எரிக்கவேண்டுமென்று தீர்ப்புச் சொன்ன பிளாரென்ஸ் நகரமும் 2008-ல் அதனை ரத்து செய்தது.

எல்லோர்க்கும் இத்தகைய காவலர் வாய்க்கவில்லை. வேதத்தை ஆங்கிலத்தில் வழங்கச் செய்த ஜான் விக்ளிப் 1384 டிசம்பர் 31-ல் இறந்து லட்டர்வொர்த் ஊரில் அடக்கமானார். 1415-ல் கான்ஸ்டன்ஸ் நகரப் பொதுச் சங்கம் அவரைப் பதிதரென்று தீர்த்து எலும்பைத் தோண்ட ஆணையிட்டது. 1428-ல் அது நிறைவேறியது. எரித்த சாம்பலை ஸ்விப்ட் என்னும் சிற்றாற்றில் எறிந்தனர். சிற்றாறு பெரிய ஆற்றையும் அது கடலையும் சேர்வதுபோல அவர் போதனையும் உலகெங்கும் பரவிற்று என்று பதினேழாம் நூற்றாண்டில் தாமஸ் புல்லர் எழுதினார். ரோன் நதியில் கிறிஸ்தவர் சாம்பலை எறிந்த ரோமாபுரி அதிகாரிகளும், ஸ்விப்ட் ஆற்றில் கிறிஸ்தவர் சாம்பலை எறிந்த கிறிஸ்தவ அதிகாரிகளும் ஒரே பாடத்தைக் கற்றிருக்கவேண்டும். கற்றார்களா என்பதைப் பின்வந்த நூற்றாண்டுகளின் சரித்திரம் சொல்லும்.

முடிவுரை

எடுத்த கேள்விக்கு வருவோம். பிணத்தைத் தண்டித்தபோது தண்டனை பெற்றவர் யார்? போர்மோசுஸின் கையால் பட்டம்பெற்ற குருமார்; பரினாத்தாவின் பேரப்பிள்ளைகள்; துலூஸ் தெருக்களில் எலும்பு ஊர்வலத்தைக் கண்டு வாய்பொத்தி நின்ற ஏழைகள். இறந்தவர் எவரும் ஒரு துளி வலியும் அடையவில்லை. அகஸ்தீன் எழுதிய கொள்கை சபையின் நூலகங்களில் பத்திரமாய் இருந்தது. அதனைப் படித்தவர்களே மண்வெட்டியை எடுக்க ஆணையிட்டனர். கொள்கை சிறந்ததாயிருப்பது மாத்திரம் போதாது. ஆதாயம் அதற்கு எதிராக நிற்கும் நாளில் அதனை நினைவூட்ட ஒரு குரலும் வேண்டும்.

அக்குரலை இடைக்கால ஐரோப்பாவில் ஒரு கவி கொடுத்தார். அவர் குறையற்றவர் அல்லர். முள்மரக் காடு அதற்குச் சாட்சி. ஆனாலும் மேற்றிராணியார் செய்ததையும் பேய் செய்ததையும் ஒரே அளவுகோலால் அளந்து காட்டிய நெஞ்சுரம் அவருடையது. ‘தெய்வீக நாடக’த்தைக் கையிலெடுக்கும் அன்பர்கள் நரகத்தோடு நின்றுவிடாமல், உத்தரிக்கிற ஸ்தலத்தின் மூன்றாம், ஐந்தாம் படலங்களையும் அடுத்தடுத்துப் படிப்பார்களாக. இறந்தவன்மேல் கையோங்குகிறவனை எங்கே கண்டாலும், அவன் கண் எந்த உயிருள்ளவன்மேல் இருக்கிறது என்று பார்க்க அவை கற்பிக்கும்.